சைக்கிளில் பக்கப்பைகளைப் பூட்டும் முறை

சங்கத்துக் கிடங்கிலிருந்து விதையும் உரமும் வீட்டுக்குப் போவதும், வீட்டிலிருந்து பாலும் காய்கறியும் சங்கத்துக்கு வருவதும் பல கிராமங்களில் சைக்கிளின் பின்புறத்தில்தான் நடைபெறுகின்றன என்பது அங்கத்தினர்கள் அறிந்த விஷயமே. மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் பெருகிவிட்ட இந்நாளிலும், எண்ணெய்ச் செலவின்றி ஒற்றையடிப் பாதையிலும் ஓடக்கூடிய வாகனம் என்ற பெருமை சைக்கிளுக்கே உரியது. புதுக்கோட்டை ஜில்லாவில் 1991, 1992 வருஷங்களில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். அதன் பின்பு தண்ணீர்க் குடமும் விளைபொருளும் அவர்கள் தலையிலிருந்து இறங்கிக் கேரியரில் ஏறின. ஆயினும் சைக்கிள் விடக் கற்றுக்கொடுப்பவர்கள் எங்கும் உண்டே தவிர, அதில் பாரம் கட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் வெகு சிலரே. அவரவர் விழுந்து எழுந்துதான் கற்கவேண்டியிருக்கிறது. இதை எழுதுபவனும் அவ்வாறே கற்றவன்.

சில வருஷங்களுக்கு முன், ஆடி மாதத்தில் நல்ல மழை பெய்து புழுதிக்காட்டில் ஈரம் இறங்கியிருந்த சமயம், ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்துக்கு நிலக்கடலை விதைப் பருப்பு வாங்கக் கிடங்குக்குச் சென்றேன். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு வேண்டும். அதை இரண்டு நடையாகக் கொண்டுவருவதே முறை. போகவர 12 கிலோமீட்டர் தூரத்தை மறுபடியும் மிதிக்கச் சோம்பி, 25 கிலோ வீதம் இரண்டு கோணிப்பைகளில் கட்டி, வாயோடு வாய் கயிற்றால் பிணைத்து, கேரியரின் குறுக்கே இருபுறமும் தொங்கவிட்டேன். மேலே ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டியதும் வேலை முடிந்ததென்று எண்ணிக் கிளம்பினேன்.

தார்ச்சாலையில் யாதொரு தொந்தரவும் இல்லை. தார் முடிந்து மண்பாதை தொடங்கும் மதகடியில் ஒரு பள்ளம். சைக்கிள் அதில் இறங்கி ஏறியபோது இடதுபுறப் பை வெளியே வீசி, திரும்பி வந்த வேகத்தில் அதன் அடிமூலை ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் புகுந்துகொண்டது. சக்கரம் அந்த க்ஷணமே நின்றது. நான் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமுமாக விழுந்தோம். ஏழு கம்பிகள் முறிந்தன. கை மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் வேலைக்கு உதவவில்லை. அவையெல்லாம் பெரிதல்ல. கிழிந்த பையிலிருந்து பருப்பு முழுவதும் வாய்க்கால் தண்ணீரில் கொட்டிவிட்டது. அள்ளியெடுத்தவரை எடுத்தும், தோலுரிந்து இரண்டாகப் பிளந்த பருப்பு விதைக்கு ஆகுமா? கிடங்கிலும் விதை தீர்ந்துபோயிருந்தது. வேறிடத்தில் தேடி வாங்கிவருவதற்குள் நிலத்தின் ஈரம் காய்ந்துவிட்டது. சேதமானது ஒரு பை விதை. இழந்தது அரை ஏக்கரின் மகசூல்.

சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொடுத்த சைக்கிள் கடைக்காரர் முறிந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு, “பாரத்தால் விழவில்லை, ஐயா. பையின் அடியைக் கட்டாமல் விட்டதால் விழுந்தீர்கள்” என்றார். அவர் கூறியதில் முக்கால் பங்கு உண்மை. பாரமும் அதிகந்தான் என்பதை நானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாரம் எவ்வளவு?

கம்பிப் பிரேக் வைத்த பழைய மாதிரிச் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின் சக்கரத்துக்கு 40 கம்பிகளும் இருப்பதை எண்ணிப் பார்த்தவர் அறிவர். ஏறியிருப்பவரின் பாரத்தில் பெரும்பங்கு பின் சக்கரத்தின்மேலேயே விழுவதால் அவ்வாறு அமைத்தார்கள். கேரியரில் வைக்கும் பாரமோ ஏறக்குறைய முழுவதும் பின் சக்கரத்துக்கே சேரும். அதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. இரு சக்கரங்களின் இருசுகளுக்கும் இடையே சுமார் 115 சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. பின் இருசுக்கு நேராக அன்றி, அதற்கு 30 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி 40 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால், அந்த 40 கிலோவும் பின் சக்கரத்தின்மேல் ஏறுவதோடு நில்லாமல், முன் சக்கரத்தின்மேல் இருந்த பாரத்திலும் சுமார் 10 கிலோவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஏற்றம் இறைத்த காலத்தில் துலாவின்மேல் மிதிப்பவர் பின்னால் நடக்க நடக்க முன்புறம் மேலே எழும்பியதை மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். இதுவும் அதுவே. முன் சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஹாண்டில் லேசாகி, சைக்கிள் சொன்ன பேச்சைக் கேளாது. ஆகவே பையின் நடுப்பாகம் பின் இருசுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருப்பதே நலம்.

அநேகக் கேரியர்களின்மேல் தாங்கக்கூடிய பாரம் 25 கிலோ என்று பொறிக்கப்பட்டிருக்கும். லேசான சைக்கிள்களுக்குப் பூட்டும் கேரியர்களில் 18 கிலோ என்றும், 10 கிலோ என்றுங்கூட இருப்பதுண்டு. இதை ஒருவரும் படிப்பதில்லை. யூரியா மூட்டை 2018-ஆம் வருஷம் முதல் 45 கிலோவாக இருக்கிறது. அதை முழுசாகக் கேரியரின் குறுக்கே போட்டுக்கொண்டு போகிறவர்களைத் தினந்தோறும் காண்கிறோம். மூட்டையைப் பிரித்து, பாதியைக் கிடங்கிலேயே விட்டு, மறு நடையில் எடுத்துச்செல்வதே உத்தமம்.

பாரத்தை இருபுறமும் சமமாகப் பிரித்துச் சுமத்துவது நமக்குப் புதிய வித்தையல்ல. மிளகு மூட்டைகளை இருபக்கமும் ஒத்த பாரமாகச் சுமந்து செல்லும் கழுதைக் கூட்டத்தைப் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கிறது. சுமந்து சுமந்து அவற்றின் முதுகில் விழுந்த வடுவையும் அந்நூல் சொல்லாமல் விடவில்லை. பொதிமாட்டுக்காரர்களும் இந்த முறையையே கையாண்டார்கள். மிருகமாயின் பொதி சாய்ந்தால் தானே நின்றுவிடும். சைக்கிளுக்கு அந்தப் புத்தி இல்லாததால் நாமே அதற்கும் சேர்த்து யோசிக்கவேண்டியிருக்கிறது.

முதலில் கேரியர்

பையைப் பற்றி நினைக்குமுன் கேரியரைச் சோதிக்க வேண்டும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, கேரியரின் பின்கோடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சைக்கிள் முழுவதும் சேர்ந்து அசைந்தால் கேரியர் உறுதியாயிருக்கிறது. கேரியர் மட்டும் தனியே ஆடினால் அதன் கால்களிலோ, ஸீட்டுக்கு அடியில் பிணைக்கும் பட்டையிலோ நட்டு தளர்ந்திருக்கிறது. மண்பாதையில் ஓடும் சைக்கிளில் நட்டுகள் தாமாகவே கழலும். சுருள் வாஷர் போட்டு முடுக்கினால் கழலுவது குறையும். அப்படியும் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஸ்பானரால் பார்த்துவிடுவது அவசியம்.

செயின் இருக்கும் வலதுபுறத்தில் கேரியர்க் காலைப் பூட்டும் போல்டு தேவைக்குமேல் நீளமாயிருந்தால், அதன் முனை உட்புறம் நீட்டிக்கொண்டு பிரீவீலிலோ செயினிலோ உரசும். வெற்றுச் சைக்கிளில் இது தெரியாது. பாரம் ஏறிக் கேரியர் சற்றே வளையும்போதுதான் ‘கர கர’ என்று சத்தம் கேட்கும். போல்டின் தலை உட்புறமும் நட்டு வெளிப்புறமும் வரும்படி மாற்றிப் பூட்டினால் தொல்லை தீர்ந்தது.

பக்கத்துக்கு ஒரே கால் உள்ள கேரியரைவிட, இரண்டிரண்டு கால்கள் உள்ள கேரியர் பக்கப்பைக்கு மிகவும் ஏற்றது. அது பலமுள்ளது என்பது மட்டுமல்ல; பையின் முதுகு சாய்ந்துகொள்ள அதில் இடம் இருக்கிறது. அதன் முக்கியத்துவம் கீழே விளங்கும்.

பையின் அமைப்பு

கோணிப்பையும் உரச்சாக்கும் பாரத்தை மூடிவைக்க ஏற்பட்டவையே அன்றித் தொங்கவிட ஏற்பட்டவை அல்ல. கெட்டியான கித்தான் துணியில் இரண்டு பைகள் தைத்து, அவற்றை ஒரு அகன்ற பட்டையால் இணைத்துக்கொள்ள வேண்டும். பட்டையின் அகலமும் நீளமும் கேரியரின் மேல்தளத்துக்குச் சரியாக இருக்கட்டும். பட்டை குறுகலாயிருந்தால் கேரியரின் விளிம்பு துணியை அறுத்துவிடும்.

பையின் ஆழம் ஒரு முழம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர் போதும். அவ்வளவில் தைத்தால் பையின் அடி தரையிலிருந்து ஒரு சாணுக்குமேல் உயர்ந்து நிற்கும்; வரப்பும் கல்லும் தட்டாது. ஸீட்டில் அமர்ந்து பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பார்த்து, குதிகாலுக்கும் பைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இல்லையென்றால் பையைப் பின்னால் தள்ளுவதற்குப் பதிலாக, பையின் முன் கீழ்மூலையைச் சாய்வாக மடித்துத் தைப்பதே சரி. பின்னால் தள்ளினால் வரும் கெடுதலை மேலே சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பையின் முதுகு, அதாவது சக்கரத்தைப் பார்க்கும் பக்கம். இங்கே இரட்டைத் துணி வைத்துத் தைத்து, இடையில் ஒரு மெல்லிய பலகையையோ, நெருக்கமாகப் பின்னிய மூங்கில் பிளாச்சுத் தட்டியையோ செருக வேண்டும். இந்தப் பலகை கேரியரின் இரண்டு கால்களின்மேலும் படிந்து நிற்கும். எவ்வளவு பாரம் அழுத்தினாலும் பை கம்பிகளின் பக்கம் பிதுங்க முடியாது. ஒரே கால் உள்ள கேரியராயின், சைக்கிள் கடையில் சொல்லிப் பக்கத்துக்கு ஒரு கம்பிச் சட்டம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம். ஸ்திரீகளின் சைக்கிளில் சேலை சிக்காமலிருக்கப் பின் சக்கரத்துக்கு வைத்திருக்கும் வலையும் ஒருவாறு உதவும். ஆனால் அது சேலைக்கு ஏற்பட்டதே தவிர 12 கிலோ விதையைத் தாங்க ஏற்பட்டதல்ல.

மூன்று கட்டு

பை அசையக்கூடிய வழிகள் மூன்று. பள்ளத்தில் இறங்கும்போது மேலே துள்ளும். பிரேக் பிடிக்கும்போது முன்னும், மேடேறும்போது பின்னும் நகரும். வளைவில் அடிப்பாகம் வெளியே வீசும். மேலே மட்டும் கட்டுபவர் முதல் வழியை அடைக்கிறார். மற்ற இரண்டும் திறந்தே கிடக்கின்றன.

மேல்கட்டுக்குக் கயிற்றைப் பைகளின்மேல் சுற்றிவிட்டால் போதாது. இணைப்புப் பட்டையில் நான்கு மூலைகளிலும் வார் தைத்து, ஒவ்வொரு வாரையும் கேரியரின் நீளக்கம்பிக்கு அடியில் விட்டு மேலே எடுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். அப்போது பையும் கேரியரும் ஒரே சரக்காகிவிடும். முன்னிரண்டு வார்களைக் கேரியரின் குறுக்குக் கம்பிக்கு முன்னாலும், பின்னிரண்டு வார்களை மற்றொரு குறுக்குக் கம்பிக்குப் பின்னாலும் வரும்படி மாட்டினால் முன்பின் நகர்வதும் நின்றுபோகும். ஆகவே முதல் இரண்டு கட்டும் ஒரே வேலையில் முடிகின்றன.

மூன்றாவது, அடிக்கட்டு. இதுதான் நான் கட்டாமல் விட்டது. பையின் அடியில், முதுகுப்புறத்தை ஒட்டி, ஒரு சாண் நீளமுள்ள வார் தைத்து, அதைக் கேரியர்க் கால் இருசோடு சேருமிடத்துக்குச் சற்று மேலே காலைச் சுற்றிக் கட்ட வேண்டும். இந்த வார் பை வெளியே வீசாமல் பிடிக்கிறது; முதுகுப் பலகை அது உள்ளே போகாமல் தடுக்கிறது. கதவுக்கு நிலையும் தாழ்ப்பாளும் போல இவ்விரண்டும் சேர்ந்தே பயன்படும். பலகையின்றி வாரை மட்டும் இறுக்கினால், அபாயத்தை நாமே கம்பிகளின் பக்கம் இழுத்துக் கட்டியதாகும். வலதுபுறத்தில் முடிச்சு செயினை நோக்கி வராமல் வெளிப்புறம் வர வேண்டும். வாரின் மிச்ச நுனி நான்கு விரலுக்குமேல் தொங்கக்கூடாது. தொங்கும் நுனியைப் பிரீவீல் மெல்ல மெல்லச் சுற்றி விழுங்கிவிடும்.

வாருக்கு எதை உபயோகிப்பது? பழைய டியூபை இரண்டு விரல் அகலத்தில் நாடாவாக வெட்டிக்கொள்வது நம்மிடையே வழக்கம். அது வெகு நல்ல வழக்கம். அது துள்ளலில் நெகிழ்ந்துகொடுத்து மீண்டும் இறுகும், செலவும் இல்லை. வெயிலில் வெடித்த டியூபை மட்டும் தள்ளிவிட வேண்டும். பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தபின் தளரும். மழையில் கட்டியதை வெயில் வந்ததும் மறுபடி பார்க்காவிட்டால் மோசம் போவோம். நைலான் கயிறு பலமுடையது. ஆனால் வழவழப்பினால் முடிச்சு நழுவும் என்பதால், அதற்கு ஒரு சுற்று அதிகமாகப் போட வேண்டும். இரு முனையிலும் இரும்புக் கொக்கி வைத்த ரப்பர்க் கயிறு கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதை இழுத்து மாட்டும்போது கொக்கி கைதவறினால் நேரே முகத்துக்கு வரும், கண்ணையே போக்கிவிடக்கூடும். அதை உபயோகிப்பவர் முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு மாட்டவும். எனது அபிப்பிராயத்தில், அதைத் தொடாமலிருப்பதே மேல்.

ஏற்றுவதும் ஓட்டுவதும்

பாரத்தைச் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் ஏற்ற வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் நிரப்பிவிட்டு மறுபக்கம் போனால் சைக்கிள் சாயும். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஏற்றுக, இறக்கும்போதும் அப்படியே. கிடங்கில் தராசு இருக்கும்போது கண் மதிப்பில் பிரிப்பானேன்? கனமானது பையின் அடியிலும், லேசானது மேலும் இருக்கட்டும்.

பால் கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக, சுமார் 1.03 கிலோ நிறையுள்ளது. பக்கத்துக்கு 10 லிட்டர் என்றால் பாத்திரத்தின் எடையையும் சேர்த்து 25 கிலோவை நெருங்கிவிடும். பாதி நிறைந்த கேனில் பால் அலைமோதுவது சைக்கிளையே உலுக்கும். ஆகையால் 12 லிட்டர் பாலுக்கு 20 லிட்டர்க் கேன் ஒன்றைவிட, கழுத்துவரை நிறையும் ஆறு லிட்டர்ப் பாத்திரங்கள் இரண்டு நல்லவை. வழியில் வீடுகளுக்கு ஊற்றிக்கொண்டு போகிறவர்கள் இடதும் வலதுமாக மாற்றி மாற்றி எடுத்தால் சமநிலை கெடாது. கேனுக்கும் கேரியர்க் காலுக்கும் நடுவே ஒரு சாக்குத் துண்டை வைப்பதால் கேன் நசுங்குவதும் இரைச்சலும் நிற்கும்.

கட்டி முடித்ததும் ஏறிவிடாதீர்கள். முதலில் நூறு அடி தள்ளிக்கொண்டு நடந்து, சக்கரத்தின் பக்கம் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு ஏறிச் சற்றுத் தூரம் போய் இறங்கி, எல்லா வார்களையும் மறுமுறை இறுக்க வேண்டும். புதிதாக ஏற்றிய சரக்கு குலுங்கிப் படியும்போது எல்லாக் கட்டும் ஒரு விரல் தளரும் என்பது அனுபவம்.

பைகளின் புடைப்பு ஹாண்டிலின் அகலத்துக்குமேல் போகக்கூடாது. ஹாண்டில் நுழைந்த சந்தில் சைக்கிள் முழுவதும் நுழையும் என்று கை நினைத்துக்கொள்கிறது. பை அகன்றிருந்தால் மாட்டுவண்டியின் அச்சாணியிலோ முள்வேலியிலோ மாட்டிய பிறகே தெரியவரும். மட்கார்டில் உள்ள சிவப்புப் பிரதிபலிப்புக் கண்ணாடியைப் பை மறைத்தால், அதுபோன்ற ஒன்றைப் பையின் பின்புறத்திலேயே தைத்துக்கொள்ள வேண்டும். அந்தி வேளையில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு வேறு எதுவும் தெரியாது.

பாரத்தோடு ஓடும் சைக்கிள் நிற்க அதிக தூரம் எடுக்கும். மழையில் இரும்பு ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை வழுக்கி இன்னும் தாமதமாகும். சரிவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் அவமானம் ஏதும் இல்லை. பைகளின்மேல் குழந்தையை உட்காரவைப்பதை மட்டும் யாரும் செய்யவேண்டாம். பையின் மூலை கம்பிக்குள் போனால் விதை நஷ்டம்; குழந்தையின் பாதம் போனால் என்ன ஆகுமென்று எழுதவேண்டியதில்லை.

சங்கம் செய்யக்கூடியது

பலகை வைத்த கித்தான் பைகளை ஒவ்வொரு அங்கத்தினரும் தைத்துக்கொள்வது சிரமமாக இருக்கலாம். விதைப்புக் காலத்தில் ஒரு மாதமும் உரம் வாங்கும் சில நாட்களும் மட்டுமே பலருக்கு அவை தேவைப்படும். சங்கத்தின் பொதுச் செலவில் ஐந்தாறு ஜோடி தைத்துக் கிடங்கில் வைத்து, எடுத்துச்செல்பவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, மறுநாள் திரும்ப வாங்கிக்கொள்வது சாத்தியமே. தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பானரும் ஒரு கட்டு டியூப் நாடாவும் தொங்கவிட்டால் இன்னும் நலம். நிர்வாகக் கமிட்டியார் அடுத்த கூட்டத்தில் இதை யோசிக்கலாம்.

உரம் கொண்டுபோன பையை அன்றைக்கே கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். யூரியா ஈரத்தை இழுத்துக்கொண்டு தையல் ஓரத்தில் தங்கும். கேரியரின்மேல் சிந்தினால் இரும்பையும் அரிக்கும். ஆதலால் கேரியரை ஈரத்துணியால் துடைத்து, போல்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுக. உரப்பையில் விதையையோ, பால் பாத்திரத்தையோ வைக்கக்கூடாது. எனது வீட்டில் உரப்பைகளின் மூடியில் சிவப்புத் துணி ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறோம். இருட்டில் எடுப்பவர்கள் தடவிப் பார்த்தாலும் தெரியும்படி அதில் ஒரு முடிச்சும் இருக்கிறது.